பழைய ஆம்னி வேனில் கூடுதல் மீட்டர்கள் பொருத்திய பின் வரும் மின்கோளாறுகள்: கண்டறியவும் சரிசெய்யவும் ஒரு முழுமையான வழிகாட்டி

மாருதி நிறுவனம் 1984-இல் வேன் என்ற பெயரிலேயே கொண்டுவந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாற்றி, 2019 வரை தயாரித்த வண்டியில், 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின் முன்னிருக்கைகளுக்கு அடியில் மறைந்திருக்கிறது. இருக்கையைத் தூக்கினால்தான் இன்ஜின் கண்ணில் படும் என்பதால், சூடு ஏறுவதையும் ஆயில் அழுத்தம் குறைவதையும் முன்கூட்டியே அறிய விரும்பும் உரிமையாளர்கள் வெப்பநிலை மீட்டர், ஆயில் பிரஷர் மீட்டர், வோல்ட் மீட்டர், ஆர்பிஎம் மீட்டர் ஆகியவற்றைத் தனியாக வாங்கிப் பொருத்துகிறார்கள். விருப்பம் நியாயமானதே. ஆனால் பொருத்திய சில நாட்களிலேயே பியூஸ் போவது, ஹெட்லைட் போட்டால் முள் துள்ளுவது, காலையில் செல்ஃப் எடுக்காமல் போவது, சாவியை அணைத்த பிறகும் ஏதோ ஒரு விளக்கு மங்கலாக எரிவது என்று புகார்கள் தொடங்கிவிடுகின்றன.

இத்தகைய புகார்களில் புதிய மீட்டரே பழுதாக இருப்பது அரிது. மின்சாரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உலோகப் பாடி வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு, எங்கே கொடுக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளுக்குள் பெரும்பாலான கோளாறுகள் அடங்கிவிடும். எனவே எந்தப் பொருளையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பது என்பதையே இந்த வழிகாட்டி முழுவதும் பின்பற்றுகிறது.

தொடங்குவதற்கு முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஹோல்டருடன் கூடிய 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்று, சுமார் மூன்று மீட்டர் நீளமுள்ள உதிரி வயர், உப்புத்தாள், சில பிளேடு பியூஸ்கள் ஆகியவை போதும். வயரைத் தொடும் வேலை எதுவானாலும் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, வேலை முடிந்த பின் அதையே கடைசியாக மாட்ட வேண்டும். இருக்கையைத் தூக்கி இன்ஜின் ஓடும்போது அளக்க நேர்ந்தால், மல்டிமீட்டரின் வயர்கள் ஃபேன் பெல்ட்டிலோ சைலன்சர் குழாயிலோ படாதபடி முன்கூட்டியே கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். போன பியூஸுக்குப் பதிலாக அதைவிடப் பெரிய பியூஸையோ, சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளையோ வைத்துச் சோதிப்பது எக்காரணம் கொண்டும் கூடாது. இந்த வண்டியில் வயர்கள் ஓடும் இடத்துக்கும் பெட்ரோல் குழாய் ஓடும் இடத்துக்கும் இடைவெளி அதிகமில்லை.

முதல் படி: புதிய இணைப்பை முழுவதுமாகப் பிரித்துப் பார்த்தல்

புதிதாகச் சேர்த்த எல்லா மீட்டர்களின் மின்சார வயரையும், விளக்கு வயரையும், சென்சார் வயரையும் கழற்றித் தனித்தனியே டேப் சுற்றி, வண்டியை ஒருநாள் பழையபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு மறைந்துவிட்டால் அது புதிய இணைப்பில் இருக்கிறது. மறையவில்லை என்றால், வேலை செய்யும்போது மீட்டர் போர்டின் பின்புறக் கனெக்டரோ, அங்கே வரும் எர்த் வயரோ அசைந்திருக்கிறது, அல்லது வெகுநாளாக உள்ளிருந்த பலவீனம் இப்போதுதான் வெளிப்பட்டிருக்கிறது. பலரும் இந்தப் படியை நேர விரயம் என்று தாண்டிப்போகிறார்கள். ஆனால் இதைச் செய்யாமல் தேடும் ஒவ்வொரு மணி நேரமும் வண்டியின் தவறான பாதியில் செலவாகக்கூடும்.

பழைய ஆம்னியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எரிவாயு கிட், ஆடியோ செட், பாட்டு ஹாரன், ரிவர்ஸ் ஹாரன், பள்ளிக் குழந்தைகளுக்காகப் போட்ட உள்விளக்குகள் என்று ஒவ்வொரு உரிமையாளரும் தம் பங்குக்கு ஒரு வயரை வெட்டிச் சேர்த்திருப்பார். கம்பெனி வயரிங் என்று நாம் நம்பி மின்சாரம் எடுத்த வயரே முன்பு யாரோ சேர்த்த கிளையாக இருக்கலாம். ஆகவே வயரின் நிறத்தை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது. சாவியின் ஒவ்வொரு நிலையிலும் அந்த வயரில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே அது எந்த வயர் என்று சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: பேட்டரியையும் சார்ஜையும் உறுதிசெய்தல்

இன்ஜினை அணைத்துச் சில மணி நேரம் ஓய்ந்த பின் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் அது முழுச் சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் மேற்கொண்டு எதையும் சோதிக்காமல் முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருப்பது இயல்பு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர், அதாவது பட்டறைகளில் கட்-அவுட் என்று சொல்லப்படும் பகுதி, கெட்டிருக்கிறது. அந்த நிலையில் புதிய மீட்டர்கள் எரிந்துபோவதற்கு மீட்டரைக் குறை சொல்ல முடியாது.

மீட்டர் போர்டைக் கழற்றி மாட்டிய பிறகு சார்ஜ் ஏறவில்லை என்றால், சார்ஜ் எச்சரிக்கை விளக்கை முதலில் பார்க்க வேண்டும். ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்த பல பழைய ஆல்டர்னேட்டர்களில், அந்தச் சிறிய பல்பின் வழியாகச் செல்லும் மின்சாரமே சார்ஜிங்கைத் தொடங்கி வைக்கிறது. சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரியாவிட்டால், பல்பு பியூஸ் ஆகியிருக்கலாம், ஹோல்டர் சரியாக உட்காராமல் இருக்கலாம், அல்லது அழகுக்காக எல்இடி போட்டிருக்கலாம். எல்இடி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் ஆல்டர்னேட்டர் விழிக்காமலே போகக்கூடும். அந்த ஓர் இடத்தில் மட்டும் பழைய வகை பல்பையே வைப்பது நல்லது.

மூன்றாம் படி: எர்த்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். டேஷ்போர்டுக்கு அடியில் கைக்கு எட்டிய ஏதோ ஒரு ஸ்குரூவில் கறுப்பு வயரைச் சுற்றி முறுக்கிவிட்டு, மல்டிமீட்டரில் பீப் சத்தம் வந்தது என்று திருப்தி அடைவதே பெரும்பாலான கோளாறுகளின் பிறப்பிடம். பீப் சத்தம் மிகச் சிறிய மின்சாரத்தில் எழுவது. அது வயர் எங்கேயோ தொட்டிருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, சுமை வரும்போது அந்த இணைப்பு தாங்குமா என்பதைச் சொல்லாது.

ஹெட்லைட் போட்டதும் வெப்பநிலை முள் இடம் மாறுகிறது என்ற புகாரை எடுத்துக்கொள்வோம். 60 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் ஏறத்தாழ 10 ஆம்பியர் ஓடும். ஹெட்லைட்டும் புதிய மீட்டரும் ஒரே துருப்பிடித்த எர்த் புள்ளியைப் பகிர்ந்துகொண்டு, அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை மட்டும் இருந்தாலும் அங்கே 1 வோல்ட் எழுந்துவிடும். 0.1 ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையில் கண்ணுக்கே படாத தடை. மீட்டரின் எர்த் டேஷ்போர்டில் இருக்கிறது, சென்சாரின் எர்த் இன்ஜின் பிளாக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 1 வோல்ட் வேறுபாடு தோன்றினால், இன்ஜின் சூட்டில் மாற்றம் எதுவும் இல்லாமலேயே முள் நகரும். சூடு ஏறிவிட்டது என்று பயந்து தெர்மோஸ்டாட்டை மாற்றியவர்கள் உண்டு.

ஆகவே எர்த்தை ஓமில் அளக்காமல், சுமை ஓடும்போது வோல்ட்டில் அளக்க வேண்டும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் மீதே ஊன்ற வேண்டும். கிளாம்பின் மீது வைத்தால் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையிலுள்ள பழுது கணக்கில் வராது. நெகட்டிவ் கம்பம் எட்டாது என்பதால்தான் அந்த மூன்று மீட்டர் உதிரி வயர் தேவைப்படுகிறது. சிவப்பு முனையைப் புதிய மீட்டரின் எர்த் திருகில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், வைப்பர், இண்டிகேட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, பிரேக்கையும் மிதிக்கச் சொல்ல வேண்டும். எல்லாம் ஓடும்போதும் அளவு 0.1 வோல்ட்டைத் தாண்டாவிட்டால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.2 என்பது எல்லை. இண்டிகேட்டரின் ஒவ்வொரு துடிப்புக்கும் எண் ஏறி இறங்குவது தெரிந்தால் குற்றவாளி கையில் அகப்பட்டுவிட்டது என்று பொருள்.

இதற்கு அடுத்து சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கின் பெயின்ட் இல்லாத இடத்தில் வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் இக்னிஷன் காயிலுக்கு வரும் பாசிட்டிவ் வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டால், இன்ஜின் பிடிக்காமல் சில விநாடிகள் சுற்றும். அப்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இன்ஜினையும் பாடியையும் பேட்டரியையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுன்டிங் மீது உட்கார்ந்திருப்பதால், இந்தப் பட்டை இல்லையென்றால் செல்ஃபின் பெரும் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் போன்றவற்றைத் தேடி ஓடும். கேபிள் சூடாவது அல்லது அடிக்கடி இறுகிப்போவது இதற்கு நேரடி அடையாளம்.

எர்த் புள்ளியைச் சரிசெய்யும்போது, பெயின்ட்டையும் துருவையும் உலோகம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, வளைய லக் (வயர் நுனியில் பொருத்தும் உலோக வளையம்) அழுத்திய வயரை நட்சத்திர வாஷருடன் முறுக்கி, அதன் மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். கிரீஸைத் தடவிவிட்டு முறுக்குவது சரியான வரிசை அன்று. மீட்டர்கள் நான்கு இருந்தால் நான்கு வயர்களையும் ஓரிடத்தில் சேர்த்து, அங்கிருந்து ஒரே தடித்த வயராக நல்ல எர்த்துக்குக் கொண்டு செல்வதே என் பரிந்துரை. ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர் போட்டால், நடுவில் ஒன்று தளர்ந்ததும் அதற்குப் பின்னாலுள்ள எல்லாம் ஆடும்.

நான்காம் படி: மின்சாரம் எடுத்த இடம்

சாவியில் ஏசிசி (ஆடியோ போன்ற துணைக் கருவிகளுக்கானது) என்ற நிலையும் இக்னிஷன் (இன்ஜின் ஓடுவதற்கானது) என்ற நிலையும் வேறுவேறு. பொதுவாக ஏசிசி வயரில் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றுவிடும். அதில் மீட்டரை இணைத்தால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் முள் விழுந்து எழும். முள்ளைச் சிறு மோட்டாரால் நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் வகை மீட்டர்கள் முதலிலிருந்து ஒருமுறை முழுச் சுற்று சுற்றிக் காட்டும். இது கோளாறு அன்று, இடம் தவறு. அளவு காட்டும் மீட்டர்களுக்கு இக்னிஷன் மின்சாரமே பொருத்தம்.

மீட்டருக்கு இரண்டு மின்சார வயர்கள் உண்டு, ஒன்று இயங்குவதற்கு, மற்றொன்று பின்விளக்குக்கு. வசதிக்காக இரண்டையும் முறுக்கி ஒன்றாக்குபவர்கள் விசித்திரமான விளைவைப் பெறுகிறார்கள். விளக்கு வயர் பார்க்கிங் லைட் வரிசையிலும், இயக்க வயர் இக்னிஷன் வரிசையிலும் இருக்க, இரண்டும் ஒன்றானால், சாவி இல்லாமல் பார்க்கிங் லைட் போட்டவுடன் இக்னிஷன் வரிசை முழுவதும் உயிர்பெறும். இன்ஜின் ஓடும்போது லைட்டும் எரிந்தால், சாவியை அணைத்தும் இன்ஜின் நிற்காமல் ஓடக்கூடும். சாவி அணைந்த பின் மங்கலாக விளக்கு எரிகிறது என்ற புகார் வந்தால் முதலில் இந்தச் சேர்க்கையைத் தேட வேண்டும். ஒரு வயரைக் கழற்றி, சாவியையும் லைட்டையும் மாறி மாறிப் போட்டு, கழற்றிய முனையில் எந்த நிலையில் 12 வோல்ட் வருகிறது என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வயரை அறுக்காமல் கிளிப் போட்டு அழுத்தும் பிளாஸ்டிக் இணைப்பான்களை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் தகடு செம்பு இழைகளில் சிலவற்றை வெட்டிவிடும். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் புகுந்து பச்சை பூத்து, இரண்டாம் ஆண்டில் தொடர்பு விட்டுவிட்டு வரும். பாதி இழை அறுந்த வயர் கம்பெனி வயராக இருந்தால், நஷ்டம் மீட்டரோடு நிற்காது.

புதிய மீட்டர்களுக்கென்று தனியாக ஒரு பியூஸ் வேண்டும். அளவு 3 அல்லது 5 ஆம்பியர் போதும். அதை மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு மிக அருகில் வைக்க வேண்டும். மீட்டருக்கு அருகில் வைத்தால் இடையிலுள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை.

பியூஸ் திரும்பத் திரும்பப் போனால்

பியூஸை மாற்றிக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக, போன பியூஸின் இடத்தில் அந்த 21 வாட் பல்பை இரு வயர்களால் இணைக்க வேண்டும். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் அதன் வழியாக 2 ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும் என்பதால் வயர் கருகாது. இப்போது மீட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்தக் கிளையில்தான் ஷார்ட் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் எரிந்தால், வயர் செல்லும் வழியில் தேட வேண்டும். ஆம்னியில் டேஷ்போர்டிலிருந்து இருக்கைக்கு அடியில் இறங்கும் வயர், தகரத்தில் போட்ட துளையின் விளிம்பில் உரசும் இடத்தையும், இருக்கையைத் தாழ்த்தும்போது அதன் சட்டத்தில் நசுங்கும் இடத்தையும் முதலில் பார்ப்பது பயன் தரும். வயரைச் சிறிது சிறிதாக அசைத்து நகர்த்தும்போது பல்பு சிமிட்டினால், கை இருக்கும் இடமே பழுதான இடம். துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையமான குரோமெட் போடாமல் வயரை விட்டிருந்தால், ஓட்டையின் விளிம்பு இன்சுலேஷனை அறுத்து, உள்ளே செம்பு மினுங்குவதைக் காணலாம்.

ஐந்தாம் படி: ஒவ்வொரு மீட்டராகச் சோதித்தல்

வெப்பநிலை மீட்டர். இதன் சென்சாரில் சூடு ஏற ஏறத் தடை குறையும். எனவே சென்சார் வயரைக் கழற்றினால் முள் குளிர்ந்த பக்கம் விழ வேண்டும். அந்த வயரை ஓரிரு விநாடி மட்டும் இன்ஜின் பிளாக்கில் தொட்டால் சூடான பக்கம் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் நலம், சென்சாரையோ அதன் எர்த்தையோ பார்க்க வேண்டும். ஒற்றை வயர் சென்சார் தன் மரையின் வழியாகவே எர்த் எடுக்கிறது. கசிவுக்குப் பயந்து மரை முழுவதும் டெஃப்லான் டேப் சுற்றினால், அந்த எர்த் தடைபட்டு, இன்ஜின் கொதிக்கும்போதும் மீட்டர் நிதானமாகவே காட்டும். ஆபத்தான பொய் இதுதான்.

கம்பெனி சென்சாரிலிருந்தே இன்னொரு வயர் எடுத்துப் புதிய மீட்டருக்கும் கொடுப்பது தவறு. இரண்டு மீட்டர்களும் ஒரே தடையைப் பங்கு போட்டுக்கொள்வதால் இரண்டுமே தவறாகக் காட்டும். கார்புரேட்டருக்குப் பதிலாகக் கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் வந்த பிந்தைய ஆம்னியில் இதைவிடப் பெரிய கேடு உண்டு. இன்ஜின் கணினியான இசிஎம்முக்குச் செல்லும் வெப்பநிலை சென்சார் 5 வோல்ட்டில் இயங்குவது. அதில் கிளை எடுத்தால், இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைக் கணினி தவறாகப் புரிந்துகொண்டு பெட்ரோல் அளவை மாற்றிவிடும். பல்பு டெஸ்ட் லாம்பையும் அந்த வயர்களில் வைக்கக்கூடாது.

ஆயில் பிரஷர் மீட்டர். விடிஓ (VDO) நிறுவன வகைச் சென்சாரில் அழுத்தமற்ற நிலையில் சுமார் 10 ஓம், முழு அளவில் சுமார் 180 ஓம் என்று தடை கூடும். எனவே இங்கே சோதனை தலைகீழ்: வயரைக் கழற்றினால் முழு அளவு, எர்த்தில் தொட்டால் பூஜ்யம். ஒரு நிறுவனத்தின் மீட்டருக்கு மற்றொன்றின் சென்சாரை மாட்டினால், முள் நகரும், ஆனால் எண் பொய்யாக இருக்கும். சென்சாரில் இரண்டு முனைகள் இருந்தால் ஒன்று மீட்டருக்கு, மற்றொன்று எச்சரிக்கை விளக்குக்கு. மாற்றி இணைத்தால் முள் இரு எல்லைகளுக்கும் இடையே தாவும். கம்பெனி ஆயில் ஸ்விட்சை எடுத்துவிட்டுச் சென்சாரை மட்டும் பொருத்துவதைவிட, ‘T’ வடிவ இணைப்பு போட்டு இரண்டையும் வைத்துக்கொள்வதே விவேகம். முள்ளை எப்போதும் பார்த்துக்கொண்டே ஓட்ட முடியாது, சிவப்பு விளக்கோ தானாகக் கண்ணில் படும்.

ஆர்பிஎம் மீட்டர். கடையில் கிடைப்பவற்றில் பல 4, 6, 8 சிலிண்டர் என்ற தேர்வுகளோடு மட்டுமே வருகின்றன. மூன்று சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு ஒன்றரை முறை தீப்பொறி தருகிறது. ஆகவே 4-இல் வைத்தால் உண்மையில் 900 சுற்று ஓடும்போது 675 காட்டும், 6-இல் வைத்தால் சரிபாதியாக 450 காட்டும். பாதி என்பது மனக்கணக்குக்கு எளிது. மூன்றுக்கான தேர்வுள்ள மீட்டரை வாங்குவது அதைவிட எளிது. முள் நடுங்கினால் சிக்னல் வயர் ஸ்பார்க் பிளக் வயரோடு சேர்ந்து ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் இந்த வயர் காயிலின் நெகட்டிவ் முனையில் சேர்வதால், அது எங்காவது பாடியில் உரசி எர்த் ஆனால் தீப்பொறியே நின்றுவிடும். ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென அணைந்து, காயில் சுட்டுக்கொண்டிருந்தால், பிளாட்டினத்தையும் (தீப்பொறிக்காகக் காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் காண்டாக்ட் பாயின்ட்) கண்டன்ஸரையும் கழற்றுவதற்கு முன் அந்தச் சிக்னல் வயரைக் காயிலிலிருந்து பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

வோல்ட் மீட்டர் பேட்டரியில் அளந்ததைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைத்துக் காட்டினால், மின்சாரம் எடுத்த வயரில் இழப்பு இருக்கிறது. பழைய லாரிகளில் பார்த்த பழக்கத்தில் ஆம்ப் மீட்டர் போட நினைப்பவர்கள் அதைக் கைவிடுவது நல்லது, ஏனெனில் சார்ஜ் மின்சாரம் முழுவதையும் டேஷ்போர்டு வழியாகச் சுற்றவிட வேண்டியிருக்கும்.

இரவில் பேட்டரி இறங்கினால்

பின்விளக்குப் பல்பு ஒன்று 3 வாட் என்றால் கால் ஆம்பியர் எடுக்கும். நான்கு மீட்டர்களுக்கும் சேர்த்து 1 ஆம்பியர். 35 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து பத்து மணி நேர இரவில் 10 ஆம்பியர்-மணி போய்விடும். இதை அளக்க, மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் வைக்க வேண்டும். அந்த நிலையில் சாவியைப் போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மல்டிமீட்டரின் உள் பியூஸ் போய்விடும். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும் என்பதால் எல்லாக் கதவுகளையும் மூட வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. கார்புரேட்டர் ஆம்னியில் ஆடியோ செட்டின் நினைவுக்கான சிறிதளவைத் தவிர வேறெதுவும் ஓடக் காரணமில்லை. அதிகமாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுக்கும்போது அளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாப் பியூஸையும் எடுத்தும் விழாவிட்டால், ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும், டையோடு கசிவு அப்போது தெரியும். அந்த வயரில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருப்பதால், நெகட்டிவைக் கழற்றிய பின்பே ஸ்பானரை வைக்க வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது

ஒவ்வொரு இணைப்பையும் லக் அழுத்தியோ சோல்டர் வைத்தோ முடித்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். இருக்கைக்கு அடியிலுள்ள வெப்பத்தில் சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி அவிழ்ந்துவிடும். சென்சார் வயர்களை நெளிகுழாய்க்குள் விட்டு, சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாணாவது தள்ளிக் கட்ட வேண்டும். இன்ஜின் ஆடும் என்பதால் சென்சாருக்கு அருகில் சிறிது தளர்வு விடுவது அவசியம். பிறகு மீட்டர்களை ஒரே நாளில் எல்லாவற்றையும் இணைக்காமல், ஒன்றை இணைத்து இரண்டு நாள் ஓட்டி, லைட் போட்டும் மழையிலும் பார்த்து, அடுத்ததைச் சேர்க்க வேண்டும். கடைசி மீட்டரையும் இணைத்து அரை மணி நேரம் எல்லா விளக்குகளும் எரிய ஓட்டிய பின், புதிய பியூஸ் ஹோல்டரையும் எர்த் லக்கையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். எது வெதுவெதுப்பாக இருந்தாலும் அதை மீண்டும் கழற்றி முறுக்க வேண்டும்.